பிள்ளைகளை 'செத்த காலேஜ்' கூட்டிப்போவது: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் அறிவியல் எடுத்தேன். அதில் பாதிக்கு மேல், ஆண்டுக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளையும் தங்கச்சி பேரன்களையும் கூட்டிப்போகிறேன். ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இவை. கேட்டவர்கள் வாய்மொழியாகவே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

மியூசியம்னா பழைய சிலை, காசு வைக்கிற இடம்தானே? இயற்கை வரலாறுன்னா என்ன டீச்சர்?

சிலையும் காசும் மனிதர் செய்தவை. மனிதர் செய்யாத எலும்பு, இறகு, சங்கு, கல், விதை, பூச்சி, கல்லாகிப்போன மரம் ஆகியவற்றைச் சேர்த்து, எது எங்கே எப்போது கிடைத்தது என்ற விவரத்தோடு வைத்திருக்கும் இடம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். விவரம் இல்லாத எலும்பு வெறும் எலும்பு. எந்த ஊர், எந்த நாள் என்று தெரிந்தால்தான் அந்த விலங்கு ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தது என்பதற்கு அது சாட்சியாகும்.

சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் மக்கள் சொல்வார்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர். அவரே 1855-ல் அந்த வளாகத்துக்குள் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். 1863-ல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின, அங்கிருந்து 1985-ல் வண்டலூர் போயின. பேர் வைத்தவர் யாரோ, செத்ததையும் காலேஜ் என்று சொன்னாரே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மதுரையில அப்படி ஒண்ணு இருக்கா?

இயற்கை வரலாற்றுக்கென்றே தனியாகப் பெரிய அருங்காட்சியகம் மதுரையில் இல்லை. ஆனால் தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது அல்லவா, அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. 1981-ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது வந்தது. தொல்பொருட்களோடு இயற்கை சார்ந்த மாதிரிகளும் அங்கே உண்டு. சிறியதுதான். முதல் தடவை போகிற குழந்தைக்குச் சிறியது ரொம்ப நல்லது.

பக்கத்திலேயே ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம். அங்கே காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி வைக்கப்பட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளை இரண்டுக்கும் ஒரே நாளில் கூட்டிப்போக வேண்டாம். அந்தத் துணியைப் பார்த்த பிறகு குழந்தையின் மனதில் வேறு எதுவும் ஏறாது. அதற்கென்று இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

எந்த வயசுல கூட்டிட்டுப் போகலாம்?

"இது என்ன?" என்று கேட்கத் தொடங்கிய வயதிலிருந்து போகலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியது, சின்னது, பல், வால், இவ்வளவே போதும். ஏழு வயதுக்கு மேல் "ஏன்?" வரும். பத்து வயதுக்கு மேல் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" வரும். அந்தக் கடைசிக் கேள்வி வருகிற பிள்ளையை எவ்வளவு தூரமானாலும் கூட்டிப்போகலாம்.

எவ்வளவு நேரம் வச்சிருக்கணும்? அவ்வளவு தூரம் போய்ட்டு எல்லாத்தையும் பாக்காம வர முடியுமா?

முதல் தடவை நாற்பது நிமிஷம் போதும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைப்பதுதான் பெரியவர்கள் செய்கிற பெரிய தவறு. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் அது எதையும் பார்க்காது. ஒரு பொருளின் முன்னால் அது தானாக நிற்கும். அங்கேயே நீங்களும் நில்லுங்கள். பத்து நிமிஷம் ஆனாலும் நில்லுங்கள். மீதியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். சிம்மக்கல்லில் இருந்தோ புதூரில் இருந்தோ வர ஒரு டவுன் பஸ் போதுமே.

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. சாப்பிட்ட கையோடு மதியம் இரண்டு மணிக்குக் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளைக்குத் தூக்கம்தான் வரும். காலையில் திறந்தவுடன் போங்கள்.

போறதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது சொல்லிக் குடுக்கணுமா?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு பழைய பிஸ்கட் டப்பா கொடுங்கள். புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, புறா இறகு, நத்தை ஓடு, வைகை மணலில் கிடைத்த கூழாங்கல், சிள்வண்டு கழற்றிப்போட்ட தோல் என்று பிள்ளை தானே கொண்டுவரும். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தோடு வையுங்கள். அதில் மூன்றே விவரம் போதும்: என்ன, எங்கே, என்றைக்கு. எழுதத் தெரியாத குழந்தை சொல்லச்சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பார்க்க அழகாக இருக்கிற குன்றிமணி கொடிய விஷம். கடித்து மென்று விழுங்கினால் ஆபத்து. வாயில் போடுகிற வயதுப் பிள்ளையின் டப்பாவில் அது வேண்டவே வேண்டாம்.

இப்படி ஒரு மாதம் டப்பா வைத்திருந்த பிள்ளை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் பாருங்கள். "இங்கேயும் சீட்டு எழுதி வச்சிருக்காங்க!" என்று கத்தும். என் தங்கச்சி பேரன் அப்படித்தான் கத்தினான். யாரோ ஒருவர் தன்னைப்போலவே சேர்த்து வைத்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

பொம்மைப் புலியைப் பாத்தே அலறுவா. உள்ள போய் அழுதா என்ன பண்றது?

வெளியே வந்துவிடுங்கள். "ஒண்ணும் செய்யாது, தொட்டுப் பாரு" என்று பக்கத்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அசையாத கண்தான் அவளைப் பயமுறுத்துகிறது. அடுத்த தடவை பூச்சி, சங்கு, கல் இருக்கும் பக்கத்தில் தொடங்குங்கள். தோளுக்குக் கீழே இருக்கிற சின்னப் பொருட்களைப் பார்க்கப் பயமிருக்காது. அங்கிருந்து தூரத்தில் நிற்கும் பெரிய விலங்கை அவளே எட்டிப் பார்ப்பாள்.

"இது தூங்குதா, செத்துப்போச்சா?"ன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னே தெரியல.

செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொன்னால் இரவு தூங்கப் பயப்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாத்தாவோ பாட்டியோ இறந்த வீட்டில் நடமாடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு மரணம் கேள்விப்படாத விஷயமில்லை. வீட்டில் வளர்த்த கோழியே போதும்.

அப்புறம் அது எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள், அங்கேதான் ஆர்வம் வரும். 'பாடம் செய்தது' என்று நாம் சொல்வது தோல் மட்டும்தான். இறந்த விலங்கின் தோலை உரித்து, கெடாமல் பதப்படுத்தி, அதன் உடம்பு அளவுக்குச் செய்த உருவத்தின் மேல் போர்த்தித் தைப்பார்கள். அந்தக் காலத்தில் உள்ளே வைக்கோல், மரச்சீவல், கம்பி. கண் கண்ணாடி. குடலும் இல்லை, இதயமும் இல்லை. "அப்போ உள்ள வைக்கோல் கன்னுக்குட்டி மாதிரியா?" என்று ஒரு பையன் கேட்டான். கன்று செத்தபின் பசு பால் சுரக்கத் தோலில் வைக்கோல் திணித்துக் காட்டுவார்களே, அதைத்தான் சொன்னான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். நான் அதைவிட நல்ல விளக்கம் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த கேள்வி, "அப்போ யாரு கொன்னா?" நல்லவங்க மியூசியம்ல ஏன் கொன்னு வைக்கிறாங்கன்னு கேக்குறான்.

மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய மாதிரிகளில் பல, வேட்டையாடிக் கொன்றவை. அந்தக் காலத்தில் அதை வீரம் என்று நினைத்தார்கள், படிப்புக்காகவும் சுட்டார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் மிருகக்காட்சி சாலையிலோ காட்டிலோ தானாகவோ விபத்திலோ இறந்தவை.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் சிவிங்கிப்புலி (சீட்டா) கதையைச் சொல்லுங்கள். இந்தியாவில் திரிந்த அந்த விலங்கை வேட்டையாடியும் அதன் புல்வெளிகளை அழித்தும் தீர்த்துவிட்டோம். 1952-ல் நாட்டிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். எழுபது வருஷம் கழித்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டார்கள். "நம்ம ஊர்து திரும்பி வரலையா?" என்று பிள்ளை கேட்கும். வராது. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், பிள்ளை யோசிக்கட்டும்.

தொட்டாத்தானே பிள்ளைகளுக்குப் புரியும்? எதுக்கு எல்லாத்துலயும் "தொடாதே"ன்னு போர்டு?

இரண்டு காரணம். நம் கையின் எண்ணெயும் வியர்வையும் பட்டுப்பட்டு முடி உதிரும், தோல் வெடிக்கும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலில் ஆர்செனிக் என்ற நஞ்சைப் பூசுவார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகும் அது அந்தத் தோலில் இருக்கும். ஆகவே 'தொடாதே' பொருளுக்கு மட்டும் சொன்னதில்லை, உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துச் சொன்னது. வந்தவுடன் கை கழுவச் சொல்லுங்கள்.

தொட்டுப் பார்க்கத்தான் மேலே சொன்ன பிஸ்கட் டப்பா. அதோடு மாட்டுத் தொழுவம், மீன் மார்க்கெட், பாட்டி வீட்டு ஆட்டுக்கிடை. மதுரைப் பிள்ளைக்குத் தொட்டுப் பார்க்கப் பொருளா இல்லை?

பாட்டில்ல இருக்கிற பாம்பெல்லாம் வெள்ளையா இருக்கே, அதெல்லாம் வேற ஜாதியா?

ஃபார்மலினிலும் சாராயத்திலும் பல வருஷம் ஊறினால் நிறம் வெளுத்துவிடும். அதனால் பாட்டிலைக் காட்டிப் பாம்பை அடையாளம் சொல்லிக்கொடுக்காதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் நல்ல வண்ணப் படத்தில் காட்டுங்கள். பாட்டிலில் செதில் வரிசையையும் தலையின் வடிவத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை மாறாது.

மாட்டுக் கொம்பும் மான் கொம்பும் ஒண்ணுதானே? லேபிள்ல வேற வேற பேர் போட்டிருக்கு.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், ஆனால் பொருள் வேறு. பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ ஒரு காளையின் கொம்பைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மண்டையோட்டிலிருந்து வளர்ந்த எலும்பு, வெளியே உறை. அந்த உறை நம் நகம் செய்யப்பட்ட அதே கெரட்டின். காளை சாகும்வரை அது விழாது. அடிபட்டு உள் எலும்போடு முறிந்தால் திரும்ப முளைக்காது. ஆட்டுக் கொம்பும் இப்படித்தான்.

புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு. வளரும்போது மேலே பஞ்சு போன்ற தோல் இருக்கும், முற்றியதும் மரத்தில் உரசி உரித்துவிடும். பிறகு ஒரு நாள் கொம்பே கழன்று விழும், மறுபடி முளைக்கும். கிளை விடுவதும் இதில்தான், அதுவும் ஆண் மானுக்கு மட்டும். இப்போது பிள்ளையை வெளிமான் முன்னால் நிறுத்துங்கள். முறுக்கிய கொம்பு, கிளை இல்லை. "இது எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பேரில் மான் இருந்தாலும் அது மாட்டுக் குடும்பம், கொம்பும் மாட்டைப்போல உறை போட்டது. இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் நீங்களும் அடிக்கடி வருவீர்கள்.

யானைத் தந்தம் கொம்பே இல்லை, பல். மேல்தாடை முன்பல் நீண்டு வளர்ந்தது. மீனாட்சி அம்மன் கோயில் யானைக்கு ஏன் தந்தம் இல்லை என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். ஆசிய யானைகளில் பெண்ணுக்கு நீண்ட தந்தம் வளர்வதில்லை.

அப்போ டப்பாவுல மயிலிறகு, மான் கொம்பு வச்சா தப்பா?

தானாக உதிர்ந்த மயில்தோகைக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. மான் கொம்பு, தானாக விழுந்ததே ஆனாலும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது. புலிநகம், யானைமுடி மோதிரமும் அப்படித்தான். தாத்தா காலத்தில் இருந்து சுவரில் மாட்டியிருக்கிறது என்றால் வனத்துறையிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். பிள்ளை கேட்கும் முன்னால் செய்தால் நல்லது.

பேரெல்லாம் லத்தீன்ல இருக்கு. எனக்கே வாயில நுழையல, பிள்ளைக்கு எப்படி?

நுழைய வேண்டாம், எதற்கு என்று தெரிந்தால் போதும். எறும்புத்தின்னியை ஒரு ஊரில் அழுங்கு என்பார்கள், இன்னொரு ஊரில் அலங்கு. பெங்காலில் வேறு பேர், சீனாவில் வேறு. எல்லோரும் ஒரே விலங்கைத்தான் பேசுகிறார்களா என்று தெரிய இரண்டு சொல்லில் ஒரு பொதுப்பேர். கார்ல் லின்னேயஸ் என்ற சுவீடன்காரர் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த முறையை நிலைநிறுத்தினார். முதல் சொல் குடும்பப் பேர் மாதிரி, இரண்டாவது அதற்கே உரிய பேர். செங்காந்தள் 'குளோரியோசா சூப்பர்பா'. சொல்லிப் பாருங்கள், பாட்டு மாதிரி இருக்கும், பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்ப் பேரை விடாதீர்கள். 2019-ல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதன் பேர் 'தமிழ் மறவன்'. அதைக் கேட்ட எந்தப் பையனும் மறந்ததில்லை.

டைனோசர் பாக்கணும்னு ஒரே அடம். தமிழ்நாட்டுல டைனோசர் இருந்துச்சா?

இருந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் சுமார் ஏழு கோடி ஆண்டுப் பழமையான பாறையிலிருந்து மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. 1980களில் அந்த விலங்குக்குப் பிருஹத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள். பிருஹத்காய என்றால் பேருடம்பு. கால் எலும்பு ஒன்றே ஆள் உயரத்துக்கு மேல். உலகில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்று நான் சொல்லக் காரணம், அந்த எலும்புகள் காப்பாற்றப்படாமல் பொடிந்துபோயின. படமும் அளவும்தான் மிச்சம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் அப்போது கடல். அதனால் அங்கே அதிகம் கிடைப்பவை கடல் உயிர்களின் புதைபடிவங்கள், குறிப்பாகச் சுருள் ஓடு கொண்ட, இப்போது அழிந்துபோன அம்மோனைட் என்ற கடல் உயிர். 2020-ல் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிபுணர்கள் பார்த்து, அவை அம்மோனைட் படிவங்களைச் சுற்றிச் சேறு இறுகி உருண்டையானவை என்றார்கள். பிள்ளைக்கு இதையும் சொல்லுங்கள். தப்பாக நினைத்ததை எப்படித் திருத்தினார்கள் என்பதில்தான் அறிவியல் இருக்கிறது. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 12 கோடி ஆண்டு என்கிறார்கள். 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டறிந்தது. மரம் கல்லாவது எப்படி என்று புத்தகத்தில் பத்துத் தடவை படிப்பதைவிட, அதன் பக்கத்தில் ஒரு தடவை நடந்து போவது மேல்.

அப்போ நம்ம யானைமலைல தோண்டுனா எலும்பு கிடைக்குமா?

கிடைக்காது. இந்தக் கேள்வியை ஒத்தக்கடைப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். யானைமலை, அழகர்மலை, சமணர் மலை எல்லாம் பூமிக்கு அடியில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, டைனோசர் பிறப்பதற்கு வெகு முன்பு. அந்தச் சூட்டில் எலும்பு தங்காது. புதைபடிவம் வேண்டுமென்றால் சேறும் மணலும் படிந்து இறுகிய பாறை வேண்டும், அரியலூரில் இருப்பதுபோல.

ஆனால் யானைமலைக் கல்லில் இருக்கும் வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையும் கறுப்புமாக மடிந்து மடிந்து ஓடும். அதுவே ஒரு கதை.

கீழடி மியூசியம் போதாதா? அதுவும் பழசுதானே?

பழசு என்றால் எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் மனிதர் வாழ்ந்த கதை. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். மேலே சொன்ன கல்மரத்துக்கு முன்னால் அது நேற்று. பிள்ளைகள் எல்லாவற்றையும் 'அந்தக் காலம்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள், அதனால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நூல் கீழடி என்றால், சாத்தனூர் மரம் வரை போக அந்த மாதிரி நாற்பதாயிரம் சாணுக்கு மேல் வேண்டும். மாட்டுத்தாவணியில் நின்று நூலை விட்டால் ஒத்தக்கடையைத் தாண்டிவிடும்.

இருந்தாலும் கீழடியில் மாடு, எருமை, ஆடு இவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. எலும்பைப் பார்த்து எந்த விலங்கு என்று எப்படிச் சொன்னார்கள் என்று பிள்ளை கேட்டால், பதில் செத்த காலேஜில் இருக்கிறது. அங்கே பேரோடு வைத்திருக்கும் எலும்போடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

யூடியூப்ல சிங்கம் புலி உசிரோட ஓடுது. செத்ததைப் பாக்க எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

செல்போனில் எறும்பும் யானையும் ஒரே அளவு. அங்கே இழப்பது அளவுதான். எழும்பூரில் ஒரு திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது, 1874-ல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிள்ளை அடி வைத்து எண்ணிக்கொண்டே நடக்கட்டும். எண்ணி முடித்தபின் ஒரு பேச்சும் வராது.

இன்னொன்று, ஓடுகிற விலங்கை உற்றுப் பார்க்க முடியாது. ஆந்தையின் இறகு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய நார் இருக்கும், சத்தமில்லாமல் பறக்க அதுவும் ஒரு காரணம். நின்று பார்த்தால்தான் தெரியும். வீடியோவை வீட்டுக்கு வந்தபின் போடுங்கள். பார்த்த விலங்கு எப்படி ஓடுகிறது என்று அப்போது பார்த்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

ஸ்கூல்ல இருந்து அறுபது பேரைக் கூட்டிட்டுப் போறோம். வரிசையா உள்ள போய் வரிசையா வெளிய வந்துடுதுங்க.

நானும் முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். கேள்வித்தாள் ஒன்று கொடுத்து, ஒவ்வொரு அறையிலும் பதில் நிரப்பச் சொன்னேன். பிள்ளைகள் லேபிளைப் பார்த்து எழுதினார்கள், பொருளைப் பார்க்கவில்லை. ஒருத்தி எழுதியதை நாற்பது பேர் காப்பி அடித்தார்கள்.

அடுத்த வருஷம் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்தேன். பிடித்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்து வரைய வேண்டும், அவ்வளவுதான். ஆறு ஆறு பேராகப் பிரித்து வேறு வேறு இடத்தில் தொடங்கச் செய்தேன். வரைகிறவன் கண்ணுக்கு எத்தனை விரல், நகம் எந்தப் பக்கம் வளைகிறது எல்லாம் தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது முதல் தடவையாக அவர்கள் விலங்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வருகிறோம் என்று முன்கூட்டியே அங்கே கடிதம் கொடுத்துவிடுங்கள். ஊழியர் யாராவது கூட வந்து விளக்கினால் பிள்ளைகளுக்குப் பெரிய கொடுப்பினை.

குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னு படம் போட்டிருக்கு. எங்க மாமியார் "தசாவதாரத்துலயே மீன், ஆமை, பன்றின்னு வரிசையா சொல்லிட்டாங்க"ன்னு சொல்றாங்க. பிள்ளை குழம்புது.

முதலில், இன்றைக்கு அழகர்கோயிலில் பார்க்கிற குரங்கு நம் தாத்தா இல்லை. அதுவும் நாமும் ஒரே பழைய மூதாதையின் வழி வந்தவர்கள், பெரியப்பா பிள்ளை சித்தப்பா பிள்ளை மாதிரி. நமக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சி. இரு வழியும் பிரிந்து சுமார் 60, 70 லட்சம் ஆண்டு ஆகிறது.

உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம். தசாவதாரம் இறைவன் உலகைக் காக்க வருகிற கதை. மீன் மெல்ல மெல்ல ஆமையாக மாறியது என்று அது சொல்லவில்லை. பரிணாமம் எலும்பையும் பாறையையும் வைத்துச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது. "அப்பத்தா சொன்னது சாமி கதை, இது எலும்பு சொன்ன கதை" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு வௌவால் சிறகு எலும்பையும் தன் கை விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியூர் போனா எதைப் பாக்கலாம்?

கோயம்புத்தூரில் காஸ் வன அருங்காட்சியகம், 1902-ல் திறந்தது. மரத்துண்டுகளும் பாடம் செய்த விலங்குகளும் அங்கே அருமை. ராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் மண்டபத்தில் இறங்கி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தைப் பாருங்கள். சங்கு, பவளம், கடல்பசு பற்றித் தெரிந்துகொண்டு கடலைப் பார்த்தால் கடலே வேறு மாதிரி இருக்கும். மைசூர் போனால் காரஞ்சி ஏரிக்கரையில் மண்டல இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உண்டு. சென்னை எழும்பூர் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போனா, ஜன்னல்ல போற எறும்பையே பாத்துட்டு நின்னான். வீணாப்போச்சா?

இல்லை. அவன் பார்த்தது இயற்கை வரலாறுதான். எங்கிருந்து எங்கே போகிறது, வாயில் என்ன கொண்டு போகிறது என்று அவனிடம் கேட்டீர்களா? வீட்டில் அதே மாதிரி வரிசையை ஒரு தடவை சேர்ந்து பின்தொடர்ந்து பாருங்கள்.

மியூசியம் பாத்தாச்சு. அடுத்து எங்க?

அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். சுமார் 250 வகைப் பறவை, அவற்றில் லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள். எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் இருக்கும் இடம். அவை ராத்திரி நடமாடுபவை, பகலில் பார்க்க முடியாது என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் எறும்புத்தின்னியின் செதிலும் மாட்டுக் கொம்பின் உறையும் ஒரே கெரட்டின் என்று தெரிந்த பிள்ளை, அது வாழ்கிற மலையை வேறு கண்ணோடு பார்க்கும்.

காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கும்படி போங்கள். தண்ணீர், தொப்பி, கண்ணுக்கு ஒரு சாதாரண பைனாகுலர். ஒலிபெருக்கிப் பாட்டு வேண்டாம். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள், எந்தப் பாறையில் வல்லூறு உட்காரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிஸ்கட் டப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அங்கே எதையும் எடுக்கக் கூடாது. நோட்டும் பென்சிலும் போதும்: என்ன, எங்கே, என்றைக்கு.